சறோவுக்கு விருப்பமான சாப்பாடு

1

சறோவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. சறோ என் மனைவி. அவள் போய் ஒரு வருடம் முடிய இன்னும் மூன்று கிழமை இருந்தது.

இந்த நாட்டில் ஒருவர் செத்துப்போனால் அதை எத்தனை இடத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பது அறிவித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கவுன்சில், வங்கி, பல் வைத்தியர், நூலகம், தண்ணீர்க் கம்பனி. ஒவ்வொரு இடத்திலும் நிரப்ப ஒரு பாரம். ஒவ்வொரு பாரத்திலும், இறந்தவருக்கு நீங்கள் என்ன முறை என்ற கேள்வி. பஸ் ஓட்டுகிறவனுக்கு எழுத்து வேலை அவ்வளவு ஓடாது. ஷிப்ட் முடிந்து வந்து குசினி மேசையில் இருந்து, கணவன், கணவன், கணவன் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். எல்லோருக்கும் அறிவித்தாயிற்று என்று நினைத்தேன். அந்தத் தளபாடக் கடையை மறந்துவிட்டேன்.

நீலமும் மஞ்சளும் பூசிய பெரிய சுவீடன் கடை அது. லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். சறோ அதில் உறுப்பினர் அட்டை வைத்திருந்தாள். 'உங்களைக் கண்டு கனநாளாகிவிட்டது. வாருங்கள், ஒரு கோப்பி எங்கள் செலவில்' என்று எழுதியிருந்தார்கள். வேறு கடிதம் என்றால் கிழித்துப் போட்டிருப்பேன். இதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தேன்.

அன்று மாலை ஆரணி போன் எடுத்தாள். ஆரணி எங்கள் ஒரே மகள். பிரிஸ்டலில் வேலை. தமிழ் விளங்கும், பேச வந்தால் பாதி வழியில் ஆங்கிலத்துக்குள் இறங்கிவிடுவாள்.

"அப்பா, சித்தி சொன்னவ, திவசம் முடிஞ்சு வாற சண்டே அம்மாக்கு விருப்பமான சாப்பாடு படைக்கவேணுமாம். நானும் வாறன். வட் வோஸ் ஹெர் ஃபேவரிட், அப்பா?"

 

"பிறகு சொல்லுறன் பிள்ளை" என்று வைத்துவிட்டேன்.

போன வருடம் இதே கேள்வி வந்தபோது எனக்குப் பதில் இருந்தது. எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவு அன்று, செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம், மீன், இறைச்சி என்று மச்சம் உட்பட, சமைத்துப் படைக்கிறது எங்கள் ஆட்களின் வழக்கம். எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். இறால் பொரியல், கணவாய்க் கறி, குழல்புட்டு, முட்டைப் பொரியல் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். இலையில் எல்லாம் வைத்தாயிற்று. சறோவின் தங்கை வதனி, ஸ்ட்ரெதமில் இருக்கிறவள், இலையை நின்று பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இது முழுக்க உங்கட விருப்பம், அத்தான்."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. செத்தவீட்டில் கதைக்கிற கதையா இது என்று நினைத்தேன். ஒரு வருடமாக அந்த வசனம் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாகவே இருந்தது. அவள் சொன்னது உண்மை.

2

சறோ சாப்பிடுகிறதை நான் எப்போது பார்த்திருக்கிறேன்? பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டு வருகிற வழியெல்லாம் இதே யோசனை. இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். எனக்குப் பரிமாறுவாள். பிள்ளைக்குப் பரிமாறுவாள். எல்லாம் முடிந்தபிறகு, கறிச்சட்டிக்குள் சோற்றைப் போட்டுப் பிரட்டி, அடுப்படியில் நின்றபடியே, யன்னலால் பின்வளவைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். "இருந்து சாப்பிடன்" என்று சொல்லுவேன், ரீவியிலிருந்து தலையைத் திருப்பாமல்.

இதுதான் எனக்கு விருப்பம் என்று அவள் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. நான் கேட்டதாகவும் ஞாபகம் இல்லை.

குளிர்பெட்டியைத் திறக்கப் போனபோது அந்தக் கடிதம் திரும்பக் கண்ணில் பட்டது. உடனே அவளைக் கண்டேன். உயரமான கண்ணாடி யன்னல், வெளியே கார்த் தரிப்பிடம், அதன்மேல் மெல்லிய மழை. வெள்ளை மேசை. சறோ கதிரையில் வடிவாக நிமிர்ந்து இருக்கிறாள். முன்னால் ஒரு கோப்பையில் சின்னச் சின்ன இறைச்சி உருண்டைகள், ஆவி பறக்கிற கிறீம் குழம்பு, மசித்த உருளைக்கிழங்கு, ஓரத்தில் ஒரு கரண்டி சிவப்புப் பழ ஜாம். முள்ளுக்கரண்டியால் ஒரு உருண்டையைக் குத்தி, குழம்பில் தோய்த்து, ஜாமில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைக்கிறாள்.

அவள் சூட்டோடு சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான். வேறு யாரோ சமைத்தது. இருந்து சாப்பிட்டது.

முதல்முறை போனது தொட்டில் வாங்க. அவள் லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஆரணி வயிற்றில். நடந்து களைத்து அந்தக் கடையின் சாப்பாட்டு இடத்துக்குப் போனோம். வாசம் அவளை இழுத்துவிட்டது. எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னாள்:

"என்ன இறைச்சியெண்டு கேட்டு வாங்குங்கோ. மாடெண்டால் வேண்டாம்."

எங்கள் வீடுகளில் மாடு வாசற்படி தாண்டாது. ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

வரிசை நீளமாக இருந்தது. அந்த நாளில் எனக்கு ஆங்கிலம் என்றால், ஒரு கேள்வி கேட்க முன்னம் அதை மனதுக்குள் மூன்று தரம் சொல்லிப் பார்க்கவேண்டும். சொல்லிப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். என் முறை வந்தது. பரிமாறுகிற பெட்டை விறுவிறென்று ஏதோ கேட்டாள். பின்னால் ஒருவர் பெருமூச்சு விட்டார். நான் விரலால் காட்டினேன், காசைக் கொடுத்தேன், தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"கேட்டனீங்களோ?"

"ஓம். ஆடு."

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். கடைசி உருண்டை முடிந்ததும், "நல்லா இருக்கு" என்றாள்.

3

பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறாவது போனோம். அவளே ஏதாவது காரணம் கொண்டுவருவாள். கட்டில் விரிப்பு வேணும், கால்துடைக்கிற பாய் வேணும், மெழுகுதிரி முடிஞ்சுபோச்சு. அதிலும் இந்தக் குட்டி மெழுகுதிரிகள். எங்கள் மாடிப்படிக்குக் கீழ் அலுமாரியில் இன்றைக்கும் பை பையாகக் கிடக்கிறது. ஊரில் கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் இருந்தவள், அந்தப் பயம் இன்னும் போகவில்லை என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அந்தக் கடைக்குள் நிலத்தில் அம்புக்குறி போட்டிருக்கும். அதன் வழியேதான் போகவேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் இல்லாத அறைகள். விளக்கு எரியும், கட்டில் விரித்திருக்கும், மேசையில் இரண்டு கப் வைத்திருக்கும், அலுமாரியில் எங்களுக்கு வாசிக்கத் தெரியாத புத்தகங்கள். சறோ ஒரு அறையையும் விடமாட்டாள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் இருந்து பார்ப்பாள்.

"இந்த வீட்டில நாங்கள் ரெண்டு பேரும் டாக்குத்தர்மார்" என்பாள். அடுத்த அறையில், "இதில நாங்கள் கலியாணம் கட்டேல்லை. சும்மா சிநேகிதம்."

"ஆக்கள் பாக்கினம், எழும்பு."

"பாக்கட்டும். எங்கட வீடுதானே."

ஒருநாள் ஒரு குசினிக்குள் நின்று, தண்ணீர் வராத குழாயைத் திருப்பிக்கொண்டு சொன்னாள், "இந்த வீட்டில நீங்கள்தான் சமைக்கிறனீங்கள்." இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அது நல்ல பகிடியாகத்தான் பட்டது.

ஆரணிக்கு ஐந்து வயது இருக்கும்போது, வரிசையில் நின்றபடி பலகையை நிதானமாக வாசித்தேன். அதற்குள் பஸ் லைசன்ஸ் எடுத்து, எனக்கு வாசிப்பு வந்துவிட்டது. மாடும் பன்றியும் என்று போட்டிருந்தது.  திரும்பிப் பார்த்தேன். சறோ யன்னலோரம் இடம் பிடித்து, முள்ளுக்கரண்டியைத் தயாராக வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது வருடக்கணக்காயிற்று.

அதைவிட வெட்கம் வேறு ஒன்று. சறோ திங்கட்கிழமை விரதம் பிடிக்கிறவள். காலையில் வெறும் தேத்தண்ணீர், பகல் முழுக்கப் பட்டினி, மாலையில் ஆர்ச்வே கோயிலுக்குப் போய்வந்துதான் சாப்பாடு. எல்லாத் திங்களும் இல்லை, சில திங்கள். என்ன கணக்கு என்று கேட்டால், "மனதுக்குப் பட்டால் பிடிப்பன்" என்பாள். புருசனின் ஆயுளுக்குப் பிடிக்கிற விரதம் என்று நான் டெப்போவில் எல்லாத் தமிழ் ஆட்களுக்கும் சொல்லி வைத்திருந்தேன். எனக்காகப் பட்டினி கிடக்கிறவளுக்கு நான் மாட்டைத் தின்னக் கொடுக்கிறேன் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் ரீவிச் சத்தத்தைக் கூட்டுவேன்.

4

வதனிக்குப் போன் எடுத்து, சுவீடன் சாப்பாடு படைக்கலாம் என்று யோசிக்கிறேன் என்றேன். 

"ஓம் அத்தான். அதுதான் அவவுக்கு விருப்பம்" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. "ஆனால் கடையில வாங்கி வைக்கிறதெண்டால் படைக்கவே வேண்டாம். வீட்டில அடுப்பு எரியவேணும்."

போனில் அந்த இறைச்சி உருண்டை செய்கிற வீடியோ ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஒரு சுவீடன்காரி, அவளுக்குப் பின்னால் யன்னலில் பனி கொட்டுகிறது. அவசரமே இல்லாமல் வெங்காயத்தை வெண்ணெயில் வதக்குகிறாள். பாண்தூளைப் பாலில் ஊறவைக்கிறாள். எனக்கு அந்தச் செய்முறையை விட அவளுடைய நிதானம் பிடித்துவிட்டது. பத்துத் தரமாவது பார்த்திருப்பேன். சிலவேளை இடையில் நித்திரையாகிவிடுவேன். அந்த நித்திரையில் சறோ வருவாள். ஒன்றும் கேட்கமாட்டாள், அம்புக்குறி வழியே தட்டத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருப்பாள்.

முதல் ஒத்திகை ஆட்டிறைச்சியில். சொன்ன பொய்யையாவது உண்மையாக்குவோம் என்று ஒரு நப்பாசை. தமிழ்க்கடையில் அரைத்து வாங்கி வந்தேன். உப்பு, மிளகு, சாதிக்காய் எல்லாம் அளவாகப் போட்டேன். அதற்குப் பிறகு என் கை, என்னைக் கேளாமலே, தூள் போத்தலுக்குள் போய் ஒரு கரண்டி கறித்தூளை அள்ளிப் போட்டுவிட்டது. வந்தது எங்கள் ஊர் ரோல்ஸுக்குள் வைக்கிற கார இறைச்சிதான். மூன்று நாள் பாணோடு சாப்பிட்டேன்.

இரண்டாம் தரம் தூள் போத்தலை மேல்மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சமைத்தேன். உருண்டை உருண்டையாகத்தான் வந்தது. ஆனால் கிறீமுக்குள் ஆட்டு வாடை எழும்பியது. கண்ணை மூடி ஒன்றை வாயில் வைத்தேன். அந்த வெள்ளை மேசை வரவில்லை, மழை வரவில்லை, அவள் வரவில்லை.

ஆட்டில் செய்தால் அது அவளுக்கு விருப்பமானது இல்லை. மாட்டில் செய்தால் அவள் வேண்டாம் என்று சொன்னது. முன்னதை வைத்தால் போன வருடம் மாதிரியே பொய் இலை. பின்னதை வைத்தால், தெரியாமல் தின்னக் கொடுத்தது காணாதென்று, தெரிந்துகொண்டே, அவள் படமாகிவிட்ட பிறகும் கொடுக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. குசினியில் நின்று அழுதேன், அவள் நின்று சாப்பிட்ட அதே இடத்தில்.

5

ஐயர் வந்து செய்த திவசம் புதன்கிழமை சைவச் சாப்பாட்டோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை லீவு போட்டு அந்தக் கடைக்குப் போனேன். ஜாம் வாங்கவேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். சறோவிடமிருந்து பழகியது.

கிழமை நாள், ஆட்கள் குறைவு. அம்புக்குறி வழியே நடந்தேன். அறைகள் எல்லாம் மாறியிருந்தன. ஆனாலும் விளக்குகள் எரிந்தன, கட்டில்கள் யாருக்கோ காத்திருந்தன. ஒரு சோபாவில் இருந்தேன். பக்கத்தில் இடம் விட்டுத்தான் இருந்தேன், அது பழக்கம். எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. ஒரு சின்னப் பிள்ளை வந்து அந்த இடத்தில் ஏறித் துள்ளியது, அதன் தாய் மன்னிப்புக் கேட்டு இழுத்துக்கொண்டு போனாள்.

சாப்பாட்டு இடத்தில் வரிசையே இல்லை. பரிமாறுகிற பெடியனின் முன்னால் போய் நின்று கேட்டேன். "வட் மீட் இஸ் திஸ்?"

"பீஃப் அண்ட் போர்க், சேர்."

அவ்வளவுதான். இரண்டு செக்கன் எடுத்திருக்கும். இதைக் கேட்கத்தான் எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

கோப்பிக்குச் சறோவின் அட்டையைக் காட்டினேன். பில் போடுகிற பெண் அட்டையைத் தட்டிவிட்டு, பெயரில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டாள். அவள் இறந்துவிட்டாள் என்று சொல்லவேண்டிய இடம் அது. சொன்னால் இன்னொரு பாரம் தருவார்கள், கணவன் என்று எழுதவேண்டிவரும். மாற்றம் இல்லை என்றேன். ஒரு இடத்திலாவது அவள் இருந்துவிட்டுப் போகட்டும்.

திரும்பி வருகிற வழியில் சூப்பர்மார்க்கெட்டில் மாடும் பன்றியும் வாங்கினேன். தெரிந்த தமிழ் ஆட்கள் யாரும் வந்துவிடுவார்களோ என்று கூடைக்குள் மேலே ஒரு முட்டைக்கோவாவை வைத்து மூடிக்கொண்டேன். கோவா எனக்குத் தேவையே இல்லை.

6

ஞாயிறு காலை ஆரணி வந்தாள். அவள் இப்போது வீகன். இறைச்சி, பால், முட்டை ஒன்றும் தொடமாட்டாள். ஓட்ஸில் செய்த கிறீம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். "அம்மா ஓட்ஸ் சாப்பிட்டதில்லை" என்றேன். ஆரணி அதைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, உருளைக்கிழங்கு தோல் சீவ இருந்தாள்.

வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கினேன். பாலில் ஊறிய பாண்தூள், முட்டை, இரண்டு இறைச்சியும், உப்பு, வெள்ளை மிளகு, சாதிக்காய், ஒரு சிட்டிகை கராம்பு. கையை நனைத்து நனைத்து உருட்டினேன். மாட்டிறைச்சியை நான் கையால் தொட்டது அன்றுதான். எல்லா இறைச்சி மாதிரியும் குளிராகத்தான் இருந்தது. ஒரே அளவில் ஐம்பது உருண்டை. வெண்ணெயில் பொரிந்தபோது ஆரணி யன்னலைத் திறந்துவிட்டாள். பிறகு அதே சட்டியில் மாவைக் கிளறி, கிழங்கு அவித்த தண்ணீர் ஊற்றி, கிறீம் ஊற்றி, கொஞ்சம் சோயா சோஸும் அரைத்த கடுகும் சேர்த்தேன். குழம்பு இளம் கோப்பி நிறத்துக்கு வந்தது. வாசம் வீடு முழுக்கப் பரவியது.

"அப்பா" என்றாள் ஆரணி. "நீங்க சமைக்கிறதை நான் பாத்ததே இல்ல."

"ஒரு வீட்டில நான்தான் சமைக்கிறனான்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

வதனி வந்தாள். சறோவின் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்தோம். குழம்பு ஓடாமல் மசித்த கிழங்கால் வரம்பு கட்டி, நடுவில் உருண்டைகளை வைத்து, ஓரத்தில் ஜாம் வைத்தேன். வதனி சூடம் கொளுத்தப் போனாள். எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"வதனி, பொறு. ஒரு விசயம் சொல்லவேணும். இது மாடு. மாடும் பன்றியும்."

அவள் தீக்குச்சியோடு நின்றாள்.

"அந்தக் கடையிலயும் அதுதான். உன்ர அக்கா முதல்நாள் என்னைக் கேக்கச் சொன்னவ. நான் கேக்கேல்லை. ஆடெண்டு பொய் சொல்லிப்போட்டன். சாகும்வரைக்கும் அவவுக்குத் தெரியாது. நான்தான் அந்தப் பாவத்தைச் செய்தனான்."

வதனி தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், அவவுக்கு அடுத்த கிழமையே தெரியும்."

"என்னெண்டு?"

"நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில போனவ. அக்காவுக்கு அப்ப என்ன இங்கிலீஸ் தெரியும்? வயித்தைத் தள்ளிக்கொண்டு கவுண்டரில நிண்டு, கோப்பையைக் காட்டி, மாடு மாதிரிக் கத்திக் கேட்டவ. அந்தப் பெட்டை ஓமெண்டு தலையாட்டினாள். பிறகு மூக்கைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு பன்றி மாதிரியும் செய்தாள். வரிசையில நிண்ட சனம் முழுக்கச் சிரிச்சது. எனக்கு வெக்கத்தில உயிர் போச்சுது."

"பிறகு?"

"பிறகென்ன, ரெண்டு கோப்பை வாங்கி ரெண்டு பேரும் சாப்பிட்டனாங்கள்."

நான் சறோவின் படத்தைப் பார்த்தேன். படத்தில் அவள் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் பிறகு கூட்டிக்கொண்டு போகமாட்டியள் எண்டு பயம். அதுக்குத்தானே மெழுகுதிரி, பாய் எண்டு ஒவ்வொரு சாட்டாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவ." வதனி கண்ணைத் துடைத்தாள். "ஞாயிறு திண்டால் திங்கள் விரதம். அதுதான் அவவிட கணக்கு. கோயிலில போய் மன்னிப்புக் கேட்டுப்போட்டு வந்து சாப்பிடுவா."

 டெப்போவில் எத்தனை பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

"அப்ப அது எனக்காக இல்லையோ?"

"உங்களுக்காகவும்தான். 'அவரும் பொய் சொல்லிப்போட்டுக் கிடந்து அந்தரப்படுறார், வதனி. அதுக்கும் சேர்த்துத்தான் பிடிக்கிறன்' எண்டு சொல்லுவா."

ஆரணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன விளங்கியதோ தெரியாது, எழும்பிப் போய் மாடிப்படிக்குக் கீழிருந்து ஒரு பை மெழுகுதிரியை எடுத்துவந்து, இலையைச் சுற்றி ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினாள். வதனி சூடம் கொளுத்தினாள். நான் கும்பிட்டேன். மத்தியான வெளிச்சத்தில் அத்தனை சின்னச் சுடர்களும் மங்கலாகத்தான் எரிந்தன.

பிறகு மூன்று பேரும் மேசையில் இருந்து, சூட்டோடு சாப்பிட்டோம். ஆரணி கிறீம் சேர்க்காத கிழங்கும் ஜாமும் மட்டும் எடுத்தாள். நான் படைத்த இலையிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டேன். முதல் உருண்டையிலேயே அந்த யன்னல் வந்தது, மழை வந்தது. பன்னிரண்டு உருண்டை சாப்பிட்டேன்.

7

மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். ஒரு தேத்தண்ணீரோடு வெளிக்கிட்டேன். சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோகவில்லை. பத்து மணிக்கே பசி தொடங்கிவிட்டது. இருபத்தைந்து வருடமாக அவள் இதை எப்படிச் செய்தாள் என்று ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நினைத்தேன். மாலையில் ஆர்ச்வேக்குப் போகவேண்டும். அங்கே போய் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. அவள் எல்லாம் சொல்லித்தான் வைத்திருப்பாள்.

மத்தியான இடைவேளையில் ஆரணி போன் எடுத்தாள். அந்த நேரத்தில் அவள் எடுக்கிறதே இல்லை.

"சாப்பிட்டீங்களா, அப்பா?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். "இண்டைக்குத் திங்கட்கிழமை."